வார்டு கிளார்க் பயிற்சியை இரண்டு நாளில் முடிக்காதீர்கள்: எங்கள் மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

புதிதாகச் சேரும் வார்டு கிளார்க்குகளுக்கு இதுவரை இருந்த மூன்று மாத வார்டுப் பயிற்சி இனி கிடையாது, சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் வந்து இரண்டு நாள் வகுப்பு எடுப்பார்கள், மூன்றாம் நாளிலிருந்து ஒருவருக்கு இரண்டு வார்டு என்று நீங்கள் போட்ட சுற்றறிக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. இதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன், ‘மேலே அனுப்பியிருக்கிறோம்’ என்பதோடு நின்றுவிட்டது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. நீலகிரியில் ஒரு மருத்துவமனை, அவ்வளவு போதும். இதே முடிவை நாளைக்கு இன்னொரு மருத்துவமனையும் எடுக்கலாம்.

நான் பெண்கள் வார்டிலும் பிரசவ வார்டிலும் கிளார்க் வேலை பார்ப்பவள். அப்பா, அம்மா எஸ்டேட் தொழிலாளிகள். புதிதாக வந்த பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலை சொல்லிக் கொடுத்ததும் என்னைப் போன்றவர்கள்தான். அதனால் இந்தப் பயிற்சியில் என்ன நடந்தது, அதை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உட்கார்ந்து டைப் அடிக்கிற வேலைக்கு மூன்று மாதம் எதற்கு என்று உங்கள் கூட்டத்தில் கேட்டதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு காலை நேரம் எங்கள் மேசைப் பக்கம் வந்து நின்று பாருங்கள். உள்ளே வந்ததும் முதல் வேலை ராத்திரி பன்னிரண்டு மணிக் கணக்கு: எத்தனை பேர் இருந்தார்கள், யார் வந்தார்கள், யார் போனார்கள், வேறு வார்டுக்கு மாறியது யார், இறந்தது யார். அது சிஸ்டர்களின் ரிப்போர்ட் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதை முடிப்பதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வரும், சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியாச்சா என்று. லேபிலிருந்து ஒரு கட்டு ரிசல்ட் வந்து நிற்கும். கிச்சனுக்கு டயட் லிஸ்ட் போகவேண்டும், அதில் சர்க்கரை நோயாளி யார், ஆபரேஷனுக்காகச் சாப்பிடாமல் இருக்க வேண்டியவர் யார் என்று பிரிக்கவேண்டும். ரவுண்ட்ஸ் ஆரம்பித்தால் டாக்டர் எழுதியதையெல்லாம் பிரித்து, மருந்து கேட்கும் சீட்டான இண்டென்ட், ஸ்கேனுக்குச் சீட்டு, காப்பீட்டு கவுண்டருக்குப் பேப்பர், வீட்டுக்குப் போகிறவர்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி. இவ்வளவுக்கும் நடுவில் நோயாளியின் சொந்தக்காரர்கள் முதலில் வந்து கேட்பதும் எங்களிடம்தான்.

டைப் அடிக்க எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். பலர் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து, சிஓஏ என்கிற கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டும் வைத்திருக்கிறார்கள். தெரியாதது வார்டு. டாக்டர் இன்சுலினை 4 என்று எழுதி, யூனிட் என்பதற்குப் பக்கத்தில் ‘யூ’ எழுத்தை மட்டும் ஒட்டிப் போட்டால் அவசரக் கையெழுத்தில் அது 40 போலத் தெரியும். அந்தச் சுருக்கத்தை எழுதவே கூடாது என்று பல நாட்டு மருத்துவமனைகள் விதி வைத்திருப்பது இதனால்தான். ‘ஓடி’ என்று எழுதியிருந்தால் ஒருநாளைக்கு ஒருமுறை, அதுவே கண் டாக்டர் எழுதினால் வலது கண். பழகிய கிளார்க் சந்தேகம் வந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுவாள். எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பது இரண்டு நாள் வகுப்பில் வராது, கம்ப்யூட்டரும் அதைச் சொல்லாது, அதில் 40 என்று அடித்தாலும் சேவ் ஆகும்.

அடுத்தது பெயர். இந்த மலையில் ஒரு நோயாளி யார் என்று கண்டுபிடிப்பதே ஒரு படிப்பு. படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் பெள்ளி, மாதன், போஜன், ஜோகி, நஞ்சன், லிங்கன் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன்களில் லெட்சுமியும் மாரியம்மாவும் எத்தனை பேர். பழங்குடிக் குடும்பங்களில் மாதி, பொம்மன், கெம்பன். பல பேருக்கு இனிஷியல் எது என்றே தெரியாது, வயது கேட்டால் ‘அறுபது இருக்கும்’ என்பார்கள், போன் நம்பர் பேரனுடையது.

உங்கள் புதிய முறைப்படி வார்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண் இருந்த நேரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே ஹட்டியிலிருந்து வந்த இரண்டு பாட்டிகள், இரண்டு பேருக்கும் ஒரே பெயர், வயது ஏறக்குறைய ஒன்று, இரண்டு பேருக்கும் கொடுத்திருந்த போன் நம்பர்கூட ஒரே பையனுடையது, ஏனென்றால் அந்த ஹட்டியிலிருந்து கார் ஓட்டிக் கூட்டிவந்தவன் அவன். லேபிலிருந்து பொட்டாசியம் கூடுதல் என்று ஒரு ரிசல்ட் வந்தது. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் பெயரைத் தேடினாள், முதலில் வந்ததைத் திறந்தாள், பிரிண்ட் எடுத்து அந்தக் கேஸ் ஷீட்டில் வைத்துவிட்டாள். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ‘இந்தப் பாட்டிக்கு இன்றைக்கு ரத்தமே எடுக்கலையே’ என்று சிஸ்டர் கேட்டதால் தப்பித்தோம். பொட்டாசியம் கூடியிருந்த அந்த இன்னொரு பாட்டி, யாரும் கவனிக்காமல் நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்தார். இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடிய விஷயம் அது.

அந்தப் பிள்ளை அழுதாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளை அங்கே தனியாக உட்காரவைத்தது நீங்கள். ஒரு நோயாளியைக் குறைந்தது இரண்டு விவரங்களை வைத்து அடையாளம் காணவேண்டும், அதில் கட்டில் நம்பர் சேராது என்பது மருத்துவமனைத் தரத்தைச் சோதிக்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. நாங்கள் பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தருவது இது: உள்நோயாளி எண்ணான ஐபி நம்பரை வாய்விட்டுப் படி, பெயரை நீ சொல்லாதே, அவர்களைச் சொல்லச் சொல், ஹட்டியோ லைனோ எது என்று கேள், புருஷன் பெயரோ அப்பா பெயரோ கேள், ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு ஃபைலிலும் சிவப்புப் பேனாவில் எழுது. படுகு பேசுகிறவர்களிடம் ஒரு மாதிரி, பந்தலூர், எருமாடு பக்கத்து மலையாளம் பேசுகிறவர்களிடம் ஒரு மாதிரி, பணியர் பழங்குடிக் குடும்பங்களிடம் ரொம்பப் பொறுமையாக, அவர்களுடைய ஆளைக் கூட வைத்துக்கொண்டு. மிரட்டுகிற குரலில் கேட்டால் அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள், தப்பான பெயருக்கும் சேர்த்து.

பிரசவ வார்டில் இந்தப் பெயர்த் தவறு இன்னும் நீளமாக ஒரு குடும்பத்தைத் துரத்தும். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் 12 இலக்க ஆர்சிஎச் எண் இருந்தால்தான் குழந்தையின் பிறப்பைப் பதிய முடியும். 1969-ஆம் வருடத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிவுக்குத் தகவல் போகவேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாளைத் தாண்டினால் அனுமதி, உறுதிமொழி, ஒரு வருடம் தாண்டினால் அதற்கும் மேலே உள்ள அதிகாரி. இப்போது ஒரு பழங்குடித் தாயை நினைத்துப் பாருங்கள். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து, ஊரில் கூப்பிடும் பெயர் மூன்றாவது. கேட்டதை அப்படியே அடித்துவிட்டு அனுப்பினால் முடிந்தது, அதன் பிறகு அந்தக் குழந்தையின் அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நகராட்சிக்குப் போய், அங்கே ‘ஆஸ்பத்திரியில் லெட்டர் வாங்கிவா’ என்று சொல்லி, திரும்ப இங்கே வந்து, பழைய ஃபைல்கள் இருக்கும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவான எம்ஆர்டியில் தேடி, திரும்ப அங்கே. அம்மா கட்டிலில் இருக்கும்போதே மூன்று பேப்பரையும் வாங்கி வைத்துப் பார்த்து, சந்தேகமாக இருந்தால் அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன் போட்டுவிட்டால் இது எதுவும் கிடையாது. இதைப் பிரசவ வார்டில் உட்கார்ந்துதான் பழக முடியும்.

காட்டெருமை முட்டி வருகிறவர்கள் இந்த மலையில் புதிதில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் அடிபட்டு வருகிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவான கேஷுவாலிட்டியில் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார், எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் என்று. வனத்துறையில் நிவாரணம் கேட்டுப் போகும்போது அதோடு டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒத்துப்போக வேண்டும். சாஃப்ட்வேரில் காயத்தின் காரணம் என்ற இடத்தில் கீழே இறங்கும் பட்டியலில் ‘கீழே விழுந்து காயம்’ முதலில் இருக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்து அடித்துக் கொடுத்த ஒரு சம்மரியை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் காட்டெருமை, சம்மரியில் கீழே விழுந்தது. அந்த அக்காவின் மகன் மூன்றாவது முறை வந்து நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

கடைசி பஸ் என்று ஒன்று இருக்கிறது. உங்களில் பலர் கார் வைத்திருப்பவர்கள், அதனால் இது உங்கள் கணக்கில் வராமல் போயிருக்கலாம். ரவுண்ட்ஸில் பத்துப் பேருக்கு டிஸ்சார்ஜ் சொன்னால், எந்த வரிசையில் சம்மரி அடிப்பது? கம்ப்யூட்டர் கட்டில் நம்பர் வரிசையில் காட்டும். மஞ்சூருக்கு அந்தப் பக்கம் கெத்தை போகிறவர் யார், சோலூர்மட்டத்துக்கும் தாண்டிப் போகிறவர் யார், டவுனுக்குள்ளேயே ஆட்டோவில் போகிறவர் யார் என்று தெரிந்த கிளார்க், தூரத்து ஆட்களின் பேப்பரை முதலில் எடுப்பாள். பில் கிளியர் ஆகி, மருந்து வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் போக நேரம் வேண்டும். பஸ்ஸை விட்டால் ஆபரேஷன் செய்த வயிற்றோடு ஒரு பெண் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், இல்லையென்றால் பாதி வழியில் இறங்கி இருட்டில் கரடி நடமாடும் பாதையில் நடப்பாள். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் எங்கள் பயிற்சியில் இருந்தது.

ராத்திரியில் கோயம்புத்தூருக்கு ரெஃபர் செய்யும் நேரம் எல்லாவற்றையும்விடக் கடினம். 108 வாசலில் நிற்கும், டாக்டர் ரெஃபரல் எழுதிக்கொண்டே போனில் பேசுவார், சிஸ்டர்கள் நோயாளியோடு இருப்பார்கள். ரத்தப் பரிசோதனை நகல், ஈசிஜி, எக்ஸ்ரே, காப்பீட்டு அட்டை நகல், கடைசியாகக் கொடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்ற சார்ட், எல்லாம் சேர்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களில் சிக்கிள் செல் ரத்தசோகை என்கிற பரம்பரை ரத்த நோய் இருப்பது தெரிந்த விஷயம். மத்திய அரசு 2023 ஜூலையில் அதற்கென்றே தேசிய இயக்கம் தொடங்கியிருக்கிறது. பழைய ஓபி சீட்டில் ஒரு ஓரத்தில் எழுதியிருக்கும் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்து டாக்டரிடம் காட்டினால், கீழே இருக்கும் டாக்டருக்குத் தெரிந்துவிடும். அந்தச் சீட்டு ஃபைலிலேயே தங்கிவிட்டால் அவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதில் கரண்ட் போனால், நெட் போனால்? 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி மழையில் இங்கே எத்தனை நேரம் கரண்டும் நெட்டும் இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். சாஃப்ட்வேர் மட்டும் தெரிந்த பிள்ளை அன்றைக்கு என்ன செய்வாள்? ரெஜிஸ்டரில் எப்படி எழுதுவது, கரண்ட் வந்ததும் அதை எப்படி ஏற்றுவது என்று யாராவது அவளுக்குக் காட்டியிருக்க வேண்டாமா?

அப்புறம், ரகசியம் காப்பது. சின்ன மலை இது. எல்லோருக்கும் எல்லோரும் சொந்தம், இல்லாவிட்டால் பக்கத்து லைன். எச்ஐவி நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது 2017-ஆம் வருடச் சட்டம். பதினெட்டு வயது ஆகாத பெண் பிரசவத்துக்கு வந்தால் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தகவல் போகவேண்டும், அதே நேரம் அவள் யார் என்பது வெளியே போகக் கூடாது. அந்த ரெஜிஸ்டர் எங்கள் மேசையில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை வந்து சிரித்துக்கொண்டே ‘அந்தப் பொண்ணுக்கு என்னவாம்’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை நான் புதுப் பிள்ளைகளோடு பேசிப் பேசிப் பழக்கியிருக்கிறேன். ஒரு பிள்ளையின் வாழ்க்கை இந்தப் பதிலில் இருக்கிறது.

செலவு என்கிறீர்கள். சரி, செலவையே பேசுவோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது, நம்மிடம் வரும் ஏழைகளில் பெரும்பாலோர் அதில்தான் வருகிறார்கள். பேப்பரில் பெயர் மாறியிருந்தால், ரிப்போர்ட் ஒன்று விட்டுப்போயிருந்தால், டிஸ்சார்ஜ் தேதி ஒத்துவராவிட்டால் கேள்வி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள், பணம் நிற்கும். ஃபைலைச் சரியாக அடுக்கி அனுப்பாவிட்டால் எம்ஆர்டியிலும் சிக்கல். நோயாளி தன் ரெக்கார்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும், உள்நோயாளிகளின் பதிவுகளை 3 வருடம் வைத்திருக்கவேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் வருட நெறிமுறை விதிகள் சொல்கின்றன. இறந்தவருக்கு மரணக் காரணம் எழுதும் 4-ஆம் எண் படிவத்தில் ஒரு விவரம் மாறினால் அந்தக் குடும்பம் இன்சூரன்ஸுக்கும் பென்ஷனுக்கும் அலையும். ஒரு பயிற்சிப் பெண்ணுக்குக் கொடுக்கும் மூன்று மாத உதவித்தொகையை, திரும்பி வந்து நிற்கும் கிளெய்ம்களோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள். கணக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. பச்சைத் தேயிலை விலை எங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பி.காம், பி.ஏ முடித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போய் ஹாஸ்டலில் இருந்து சம்பாதிக்கிறார்கள். மலையிலேயே இருந்து, வெயில் மழை பார்க்காமல், மரியாதையாகச் செய்யக்கூடிய வேலைகளில் வார்டு கிளார்க் ஒன்று. முறையாகக் கற்றுக்கொண்டால் எம்ஆர்டி, காப்பீட்டுப் பிரிவு, அட்மின் என்று மேலே போகலாம். வேலூர் சிஎம்சியும் புதுச்சேரி ஜிப்மரும் மருத்துவப் பதிவேடுகளுக்கென்றே படிப்பு நடத்தியிருக்கின்றன. அமெரிக்காவில் வார்டு கிளார்க்குகளுக்கென்று 1980-லேயே தேசியச் சங்கம் அமைந்து, 1983 முதல் சான்றிதழ்த் தேர்வும் நடக்கிறது. மற்ற இடங்களில் தொழிலாக மதிக்கிற வேலையை இங்கே யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம் என்கிற வேலையாக ஆக்கினால், நல்ல பிள்ளைகள் வரமாட்டார்கள், வந்தாலும் நிற்கமாட்டார்கள். அந்தப் பொட்டாசியம் விஷயத்துக்குப் பிறகு அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். கெட்டிக்காரப் பெண். நாலு வாரம் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் எனக்கு மேலே வந்திருப்பாள்.

நான் கேட்பது இவ்வளவுதான்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். மூன்று மாத வார்டுப் பயிற்சியை எழுத்துப்பூர்வமாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், பிரசவ வார்டும் கேஷுவாலிட்டியும் எம்ஆர்டியும் அதில் கட்டாயம் இருக்கட்டும். சாஃப்ட்வேர் வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது இந்த மூன்று மாதத்துக்குள் இரண்டு நாளாக இருக்கட்டும், கூடவே கரண்ட் இல்லாத நேரத்து ரெஜிஸ்டர் வேலையும். பயிற்சிக் காலத்துக்கு முதல் நாளிலிருந்தே பணம் கொடுங்கள். எஸ்டேட் வீட்டுப் பிள்ளை மூன்று மாதம் பஸ் காசுக்கு எங்கே போவாள்? பயிற்சியில் இருக்கும் யாரையும் ராத்திரி டியூட்டியில் தனியாக விடாதீர்கள். ஒருவருக்கு இரண்டு வார்டு என்பதை உடனே நிறுத்துங்கள். பயிற்சி முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போடும் பொறுப்பை அந்த வார்டு சிஸ்டர் இன்சார்ஜுக்கும் எம்ஆர்டிக்கும் கொடுங்கள், கம்பெனி கொடுக்கும் சர்டிபிகேட்டை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது படுகு, பணிய மொழி, மலையாளம், கன்னடம் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு, அதிலும் பழங்குடிப் பிள்ளைகளுக்கு, முன்னுரிமை கொடுங்கள். வேலையை விட்டுப் போன அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, முறையான பயிற்சியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லித் தர நான் தயார், அதற்குத் தனியாகச் சம்பளம் கேட்கமாட்டேன்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேச எங்களில் இரண்டு கிளார்க்குகளையும் ஒரு சிஸ்டரையும் உள்ளே கூப்பிடுங்கள். என்ன முடிவானாலும் அதை எழுத்தில், அதே நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அடுத்த பேட்ச் வார்டுக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பதில் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
பெண்கள் வார்டு, பிரசவ வார்டு கிளார்க்